எழுபதில் வந்த சர்க்கரை

கண்புரை ஆபரேஷனுக்கு நாள் குறித்த பிறகு எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை 240 என்று வரும். ஆபரேஷன் தள்ளிப்போகும். காலில் ஆறாத புண்ணோடு போனவருக்கும், தோள்பட்டை இறுகிக் கையைத் தூக்க முடியாமல் போனவருக்கும், அடிக்கடி நீர்க்கடுப்பு என்று போனவருக்கும் இதே கதைதான். அறுபத்தைந்து, எழுபது வயதுக்கு மேல் நீரிழிவு பெரும்பாலும் வேறெதையோ தேடிப் போன இடத்தில்தான் அகப்படுகிறது. "எங்க வீட்ல யாருக்கும் இல்லையே, நான் இனிப்பே தொடமாட்டேனே" என்று அந்தப் பெரியவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மருந்துச் சீட்டு கைக்கு வந்துவிடும். வெளியே அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

சீட்டில் மாத்திரையின் பெயர் இருக்கும். மனத்தில் ஓடும் கேள்விகளுக்குப் பதில் இருக்காது. கால் மதமதப்பு சர்க்கரையாலா, வயதாலா? ராத்திரி நாலு தடவை எழுந்திருப்பது இனி நிற்குமா? கண் போய்விடுமா, கிட்னி போய்விடுமா? ஊசி போட வேண்டி வருமா? இன்னும் எத்தனை வருடம்? நீரிழிவைப் பற்றி நாம் படிக்கிற, கேட்கிற அறிவுரைகளில் பெரும்பகுதி நாற்பது வயதுக்காரரை மனத்தில் வைத்துச் சொல்லப்படுபவை. எழுபதில் வந்தவருக்குக் கவலைகளின் வரிசையே வேறு. பத்து வருடம் கழித்து வரக்கூடிய கேட்டைவிட இந்த வாரம் வரக்கூடிய கேடு அவருக்குப் பெரிது. சர்க்கரை தாழ்ந்து குளியலறையில் விழுவது, தெரியாமல் காலில் ஏறிய முள், காய்ச்சலில் உடம்பு வற்றிப்போவது, பயத்தில் சாப்பாட்டைக் குறைத்துத் தசை கரைந்துபோவது என அந்த வரிசை போகிறது. அதை ஒழுங்காக வைத்துப் பார்த்தால் தெரியாமையின் பாரம் பாதி குறையும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கருத்து.

நோயின் பரப்பு தெரிந்ததே. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளிவந்தன. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம். இவர்களில் முதியவர்களின் பங்கு சிறிதல்ல. ஆனால் சிகிச்சை முறைகளை வகுத்த பெரிய ஆய்வுகளில் முதியவர்கள் அநேகமாக இல்லவே இல்லை. 1998இல் முடிவுகள் வெளிவந்து உலகம் முழுக்கச் சிகிச்சையை மாற்றிய பிரிட்டன் ஆய்வு, புதிதாக நோய் கண்ட 25 முதல் 65 வயது வரையானவர்களையே சேர்த்தது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் 35 முதல் 55 வயது. உணவைக் கடுமையாகக் குறைத்து எடை இறக்கினால் மருந்தில்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வரும் என்று 2017இல் காட்டிய ஸ்காட்லாந்து, இங்கிலாந்து ஆய்விலும் 65 வயதோடு கோடு போட்டுவிட்டார்கள். எழுபத்திரண்டு வயதுப் பாட்டி ஒருவரிடம் இந்த ஆய்வுகளின் முடிவை அப்படியே நீட்டும்போது, அவரைப் போன்ற ஒருவர்கூட அவற்றில் இருந்ததில்லை என்பதையும் மருத்துவர் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

முதல் கேள்வி: எதனால் வந்தது?

வெறும் வயிற்றில் 126க்கு மேல், அல்லது குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200க்கு மேல், அல்லது மூன்று மாதச் சராசரி எனப்படும் ஹெச்பிஏ1சி 6.5க்கு மேல் இருந்தால் நீரிழிவு. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு பரிசோதனையை வைத்து முத்திரை குத்தக் கூடாது. இன்னொரு முறை பார்த்து உறுதிசெய்ய வேண்டும். முதியவர்களிடம் இதற்குக் கூடுதல் காரணம் உண்டு. நிமோனியா, விபத்து, அறுவைச் சிகிச்சை போன்ற நெருக்கடியில் சர்க்கரை தற்காலிகமாக ஏறும். மூட்டுவலிக்கு முட்டியில் போடும் ஸ்டீராய்டு ஊசி சில நாட்களுக்குச் சர்க்கரையை ஏற்றிவிடும். ஆஸ்துமாவுக்கும் தோல் நோய்க்கும் தரும் ஸ்டீராய்டு மாத்திரைகளும் அப்படித்தான். நாட்டு மருந்து என்று வாங்கும் பொட்டலங்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும் நடக்கிறது. எனவே கடந்த இரண்டு மாதங்களில் என்னென்ன மருந்து, ஊசி, பொடி உள்ளே போயிற்று என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது.

"பார்டர்ல இருக்கு" என்று சொல்லப்பட்டவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. அமெரிக்காவில் சராசரியாக 75 வயதைத் தாண்டியவர்களை ஆறரை ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2021இல் வெளிவந்தது. ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தவர்களில் 9 சதவீதம் பேருக்குத்தான் நீரிழிவு வந்தது. 13 சதவீதம் பேர் இயல்பு நிலைக்கே திரும்பிவிட்டார்கள். எழுபத்தைந்து வயதில் பார்டர் என்ற சொல்லைக் கேட்டு இரவுத் தூக்கத்தை விட்டுவிட வேண்டியதில்லை.

மறுபக்கம் ஓர் எச்சரிக்கையும் உண்டு. சர்க்கரை திடீரென்று வந்து, கூடவே எடையும் மளமளவென்று இறங்கினால் அதை வெறும் சர்க்கரை என்று விட்டுவிடக் கூடாது. ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக நீரிழிவு வருகிறவர்களில் ஏறத்தாழ 100க்கு ஒருவருக்கு மூன்று ஆண்டுகளுக்குள் கணையப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுகிறது. 99 பேருக்கு இல்லை என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். ஆனால் பசியின்மை, முதுகுவரை ஊடுருவும் வயிற்று வலி, மஞ்சள் காமாலை ஆகியவை சேர்ந்து வந்தால் ஸ்கேன் எடுப்பது அவசியம். நம் ஊரில் இன்னொன்றும் மறைந்திருக்கும்: காசநோய். தமிழ்நாட்டில் காசநோயாளிகளிடையே நடந்து 2012இல் வெளிவந்த ஆய்வில் நான்கில் ஒருவருக்கு நீரிழிவும் இருந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் மாலைக் காய்ச்சலும் இருந்தால் சளிப் பரிசோதனை தள்ளிப்போடக் கூடாதது.

உடம்பு சொல்வதைக் கேட்பது

அதிக தாகம், அதிக சிறுநீர், அதிக பசி என்று பள்ளிப் பாடத்தில் படித்த மூன்று அறிகுறிகள் முதியவர்களிடம் நம்பத்தக்கவை அல்ல. ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180ஐத் தாண்டினால் சிறுநீரில் கசியத் தொடங்கும். வயதாக ஆக அந்த எல்லை உயர்ந்துவிடுகிறது. தாக உணர்வும் மங்கிவிடுகிறது. அதனால் 250, 300 வரை ஏறியும் எதுவும் தோன்றாமல் இருப்பவர்கள் உண்டு. "நல்லாத்தானே இருக்கேன்" என்று அவர் சொல்வது பொய்யல்ல.

நோய் தெரிந்த மறுநாளிலிருந்து இது தலைகீழாகிவிடும். அதுவரை கவனிக்காத ஒவ்வொன்றும் சர்க்கரையாகவே தெரியும். தலை கிறுகிறுத்தால் சர்க்கரை, கை நடுங்கினால் சர்க்கரை, ஞாபகம் தப்பினால் சர்க்கரை. உறவினர்களும் அப்படியே சொல்வார்கள். இந்த இடத்தில்தான் நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இரவில் பலமுறை எழுந்து சிறுநீர் கழிப்பதை எடுத்துக்கொள்வோம். சர்க்கரை காரணமாக இருக்கலாம். ஆணுக்குப் புராஸ்டேட் வீக்கமாக இருக்கலாம். ரத்த அழுத்தத்துக்குத் தரும் நீர் மாத்திரையை மாலையில் விழுங்குவதால் இருக்கலாம். பகலெல்லாம் தொங்கவிட்ட காலில் சேர்ந்த நீர், படுத்ததும் சிறுநீரகத்துக்குத் திரும்புவதால் இருக்கலாம். சர்க்கரை 150க்கு இறங்கிய பிறகும் இரவு நடை குறையவில்லையென்றால் மற்ற காரணங்களைத் தேட வேண்டும். சர்க்கரை மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டே போவது தீர்வல்ல.

கண் மங்கல் பலரையும் கலங்கடிக்கிறது. சிகிச்சை தொடங்கிய முதல் வாரங்களில் பார்வை இன்னும் மோசமாவதுபோல் தோன்றும். சர்க்கரை ஏறும்போதும் இறங்கும்போதும் கண்ணின் வில்லை நீரை இழுத்தும் விட்டும் தன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது. அதனால்தான் இந்த மங்கல். ஆறு வாரம், இரண்டு மாதத்தில் பெரும்பாலும் அது அடங்கிவிடும். அதற்குள் கண்ணாடி மாற்றினால் காசு வீண். விழித்திரைப் பரிசோதனை வேறு விஷயம். வயதான பிறகு கண்டுபிடிக்கப்படும் நோய் உண்மையில் எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பாவையை விரித்துப் பார்க்கும் பரிசோதனையை நோய் தெரிந்த உடனேயே செய்துவிட வேண்டும். "இப்பத்தானே வந்துச்சு" என்று ஒத்திப்போடுவது ஆபத்து.

பாத எரிச்சலும் மதமதப்பும் வேறு மாதிரி. சர்க்கரையால் நரம்பு பாதிப்பது உண்மை. ஆனால் அதே மதமதப்பை வைட்டமின் பி12 குறைபாடும் தரும். நீரிழிவுக்கு முதலில் எழுதப்படும் மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டால் பி12 உடம்பில் சேர்வது குறையும். முதியவர்களுக்கு, அதிலும் சைவ உணவுக்காரர்களுக்கு, அது முன்பே குறைந்திருக்கும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்து எளிதில் தீர்க்கக்கூடியதை, சர்க்கரை நரம்பு நோய் என்று சொல்லி ஆண்டுக்கணக்கில் நரம்பு மாத்திரை விழுங்கிக்கொண்டிருப்பவர்கள் நம்மிடையே உண்டு. பலருக்குத் தெரியாத இன்னொன்று: ஹெச்பிஏ1சி 12இல் இருந்து மூன்று மாதத்தில் 7க்கு இறங்கினால் குடும்பமே மகிழ்ச்சி அடையும். ஆனால் அவ்வளவு வேகமாக இறக்கும்போது சிலருக்குக் கால் எரிச்சல் கடுமையாகத் தொடங்கும். விழித்திரைக் கசிவும் சிறிது காலம் கூடலாம். "மருந்து சாப்பிட்டுத்தான் அதிகமாச்சு" என்று அவர் சொன்னால் அதில் உண்மை இருக்கிறது. பல மாதங்களில் அது தணியும் என்பதையும் அவருக்குச் சொல்ல வேண்டும்.

அசதியைப் பற்றி ஒரே வார்த்தை: ரத்தசோகை, தைராய்டு, மனச்சோர்வு மூன்றையும் பார்த்த பிறகே அதைச் சர்க்கரையின் கணக்கில் எழுத வேண்டும்.

திடீர் வியர்வை மட்டும் காத்திருக்கக் கூடாதது. சர்க்கரை தாழ்ந்தாலும் வியர்க்கும், மாரடைப்பிலும் வியர்க்கும். முதிய நீரிழிவுக்காரர்களுக்கு நெஞ்சு வலி இல்லாமலே மாரடைப்பு வரலாம். மூச்சு வாங்கும், வியர்க்கும், காரணமில்லாமல் துவண்டுபோவார்கள். வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தால் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கலாம். சர்க்கரை தாழவில்லை, வியர்வையும் நிற்கவில்லை என்றால் 108ஐக் கூப்பிட வேண்டும்.

எண்களோடு வாழ்வது

வீட்டுக் கருவியில் காலை 142, மறுநாள் 158, அதற்கடுத்த நாள் 139. பெரியவர் டைரியில் எழுதி வைத்திருப்பார். 158 வந்த நாளில் முந்தின இரவு சாப்பிட்ட அரைக் கரண்டி பாயசத்துக்காக மனம் வருந்துவார். 100க்கு மேற்பட்ட அளவுகளில் இந்தக் கருவிகள் 15 சதவீதம் வரை முன்பின் காட்டுவதைச் சர்வதேசத் தர விதியே ஏற்றுக்கொள்கிறது. ரத்தத்தில் உண்மை அளவு 150 என்றால் கருவி 128 என்றும் காட்டலாம், 172 என்றும் காட்டலாம். விரலில் பழச்சாறு ஒட்டியிருந்தால் இன்னும் கூடும். எனவே ஒரு நாள் எண்ணுக்குப் பெரிய பொருள் இல்லை. ஒரு மாதத்து எண்கள் எந்தத் திசையில் போகின்றன என்பதே பார்க்கத்தக்கது. மாத்திரை மட்டும் சாப்பிட்டு நிலையாக இருப்பவர் தினமும் விரலைக் குத்திக்கொள்ளத் தேவையில்லை. ஹெச்பிஏ1சியிலும் பிசகு உண்டு: இரும்புச்சத்துக் குறைவில் அது உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும், சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் நிலைகளிலும் ரத்தம் ஏற்றிய பிறகும் குறைத்துக் காட்டும்.

இலக்கு எவ்வளவு என்பதுதான் இந்தப் பொருளின் மையக் கேள்வி. ஒரு காலத்தில் எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு நல்லது என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையைச் சோதிக்க அமெரிக்காவிலும் கனடாவிலும் சராசரி 62 வயதுள்ள 10,251 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு ஹெச்பிஏ1சியை 6க்குக் கீழே கொண்டுவர முயன்றார்கள். தீவிரமாகச் சர்க்கரையைக் குறைத்த அந்தப் பிரிவில் 257 பேரும் மற்றதில் 203 பேரும் இறந்ததால், 2008இல் தீவிரச் சிகிச்சையை இடையிலேயே நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு சிந்தனை மாறியது. அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் இன்றைய வழிகாட்டுதல் முதியவர்களை மூன்றாகப் பிரிக்கிறது. ஆரோக்கியமாக, தெளிவாக நடமாடுபவருக்கு 7 முதல் 7.5க்குள். பல நோய்களோடு, அன்றாட வேலைகளுக்குச் சிறிது துணை தேவைப்படுபவருக்கு 8க்குள். மிகவும் நலிந்தவருக்கு எண்ணைத் துரத்தவே வேண்டாம். தாழ்சர்க்கரையும் தொந்தரவு தரும் உயர்சர்க்கரையும் இல்லாமல் இருந்தால் போதும்.

இதன் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. சர்க்கரையை இறுக்கிப் பிடிப்பதால் கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் கிடைக்கும் நன்மை தெரிய எட்டு, பத்து ஆண்டுகள் ஆகும். ரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் கட்டுப்படுத்துவதன் பலன் அதைவிட மிகச் சீக்கிரம் கிடைக்கும். எண்பது வயதில் நோய் தெரிந்தவருக்கு ஹெச்பிஏ1சி 7.8 என்று வந்தால் அது தோல்வி அல்ல. அவர் வயதுக்கு அது நல்ல சிகிச்சை. இதை யாராவது அவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நாற்பது வயது மகனுடைய 6.4ஐப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு அம்மாவைக் கடிந்துகொள்ளும் வீடுகள் இருக்கின்றன.

தாழ்ந்த சர்க்கரை

இளையவருக்குச் சர்க்கரை 70க்குக் கீழே போனால் கை நடுங்கும், வியர்க்கும், பசிக்கும், சட்டென்று தெரிந்துகொள்வார். முதியவரிடம் இந்த மணி அடிக்காமல் போகலாம். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ தரும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் படபடப்பை மறைத்துவிடும். மூளைதான் முதலில் தடுமாறும். அதிகாலை நாலு மணிக்கு அப்பா எழுந்து கதவைத் திறக்கத் தெரியாமல் நிற்பார். மகளைத் தன் தங்கை பெயரால் கூப்பிடுவார். காரணமின்றிச் சீறுவார். "வயசாயிடுச்சு, புத்தி தடுமாறுது" என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்துக் கால் மணி நேரம் காத்திருந்தால் அவர் பழைய மனிதராகத் திரும்பி வருவார். முழு நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். பல் ஈறுகளில் சர்க்கரையையோ தேனையோ தடவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

இது அரிய நிகழ்வல்ல. அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் மருந்தின் தீங்கால் அவசரமாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நிகழ்வுகளை ஆராய்ந்து 2011இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு இன்சுலினும் சர்க்கரை மாத்திரைகளும் காரணம். எல்லா மாத்திரையும் இப்படிச் செய்வதில்லை. மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் சர்க்கரையை அபாயகரமாகத் தாழ்த்துவது அரிது. கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு போன்றவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. வயிற்றில் சோறு இருக்கிறதா என்று அவை பார்ப்பதில்லை. கிளிபென்கிளமைடு 60 வயதுக்கு மேல் ஏற்றதல்ல என்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலே குறிப்பிடுகிறது.

சிக்கல் என்னவென்றால், தான் எதைச் சாப்பிடுகிறோம் என்பது பெரியவருக்குத் தெரியாது. நம் நாட்டில் பரவலாக எழுதப்படுவது கிளிமெபிரைடும் மெட்ஃபார்மினும் ஒன்றாகச் சேர்ந்த மாத்திரை. அட்டையின் முன்பக்கம் கம்பெனிப் பெயர் பளிச்சென்று இருக்கும். உள்ளே என்ன மருந்து என்பது எறும்பு ஊர்ந்ததுபோல ஆங்கிலத்தில், பாதி இடத்தில் மாத்திரையைப் பிதுக்கியதில் கிழிந்துபோய் இருக்கும். கண்புரை உள்ளவர் அதை எப்படிப் படிப்பார்? வீட்டில் படிக்கத் தெரிந்த ஒருவர் ஒரு முறை உட்கார்ந்து, அட்டை ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து, "இதைச் சாப்பிட்டா உடனே சாப்பாடு சாப்பிடணும்" என்று தமிழில் ஒரு துண்டுத்தாள் எழுதி மருந்துப் பெட்டியில் ஒட்டினால் போதும். அமாவாசை விரதத்தன்று அந்த மாத்திரையை விழுங்கிவிட்டுப் பூஜை முடியும்வரை பட்டினி இருந்து மயங்கி விழும் பாட்டிகளைக் காப்பாற்ற அந்தத் துண்டுத்தாள் போதுமானது. விரதத்துக்கு முதல் நாளே மருத்துவரிடம் கேட்டு மாத்திரையை மாற்றிக்கொள்ளலாம். விரதத்தையே விட்டுவிடச் சொல்லித் திட்டுவதால் அவர் நமக்குத் தெரியாமல் இருப்பாரே தவிர, நிறுத்த மாட்டார்.

வாந்தி, பேதி, காய்ச்சல் வரும் நாட்களில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். சாப்பாடு இறங்காதபோது தாழ்சர்க்கரை வரலாம். நேர்மாறாக, தொற்று ஏற ஏறச் சர்க்கரை 600ஐத் தாண்டி உடம்பு வற்றி நினைவு தப்பும் நிலையும் முதியவர்களுக்கே அதிகம். மெட்ஃபார்மினையும், சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளையும் அப்படிப்பட்ட நாட்களில் நிறுத்திவைக்கச் சொல்வது வழக்கம். எப்போது நிறுத்தலாம், எப்போது மறுபடி தொடங்கலாம் என்பதை உடம்பு நன்றாக இருக்கும்போதே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

பாதம்

வலி தெரியாத பாதத்தைக் காப்பாற்றும் அறிவு உலகத்துக்குப் பெருமளவு போய்ச் சேர்ந்தது வேலூர் மாவட்டத்திலிருந்துதான். 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் அழுகி உதிர்வதில்லை என்பதைக் கண்டார். வலி தெரியாததால் அவர்கள் அறியாமலே காயப்படுத்திக்கொள்வதாலும், அந்தக் காயத்தின் மீதே தொடர்ந்து நடப்பதாலும்தான் சிதைகின்றன. மென்மையான ரப்பர் அடி வைத்த செருப்புகளை அவரும் உடன் இருந்தவர்களும் அங்கே உருவாக்கினார்கள். இன்றும் நம் மருத்துவமனைகளில் எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டு வாங்குவது அந்த வழியில் வந்தது. 1966இல் அவர் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபோது இந்த அனுபவம் நீரிழிவுப் பாதத்துக்கும் பொருந்தியது. பாத உணர்ச்சியைச் சோதிக்க இன்று பயன்படும் 10 கிராம் நைலான் இழையும் தொழுநோய் ஆய்வுகளின் வழியாகவே நீரிழிவு மருத்துவத்துக்கு வந்தது.

அந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். மருத்துவர் செய்யாவிட்டால் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். வீட்டில் தினமும் இரவு, குனிய முடியாதவர் ஒரு கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து அதன்மேல் பாதத்தைப் பிடித்துப் பார்க்கலாம்; கண் தெரியாதவருக்குப் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்லலாம். விரலிடுக்கில் வெள்ளையாக ஊறியிருக்கிறதா, குதிகாலில் வெடிப்பு ஆழமாகிறதா, புதிதாகக் காய்ப்புக் காய்த்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காய்ப்பை பிளேடால் சீவக் கூடாது. கோயில் பிரகாரத்தில் மதிய வெயிலில் வெறுங்காலோடு சுற்றிக் கொப்புளத்தோடு வருவதைத் தவிர்க்க, காலையில் ஏழு மணிக்குள் தரிசனத்தை முடித்துக்கொள்ளலாம். சுடுதண்ணீர் ஒத்தடம் இன்னொரு கண்ணி. சூடு தெரியாத காலுக்கு அதைக் கொடுத்துத் தோல் வெந்துபோனவர்கள் பலர்.

சாப்பாடும் மனமும்

உணவைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேசியாகிவிட்டது. முதியவருக்கு வேண்டிய இரண்டொன்றை மட்டும் சொல்கிறேன். ராத்திரி சோற்றுக்குப் பதில் சப்பாத்தி என்பது நம்மிடம் வேதவாக்காகிவிட்டது. மாவுச்சத்தின் அளவில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பல்லில்லாதவர் மெல்ல முடியாமல் இரண்டு சப்பாத்தியைக் கடித்து அவதிப்பட வேண்டாம். அளந்து வைத்த சோறு போதும். கேழ்வரகை மாவாக்கிக் கஞ்சி காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை விறுவிறென்று ஏறும். சிறுதானியம் என்ற பெயர் அதைத் தடுக்காது. உண்மையில் முதியவர் தட்டில் குறைவது புரதம். பருப்பு, சுண்டல், முட்டை, மீன், தயிர் ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் இருக்க வேண்டும். நோய் தெரிந்த பயத்தில் இரவுச் சாப்பாட்டையே விட்டு ஆறு மாதத்தில் எட்டுக் கிலோ இளைத்தவரைப் பார்த்து "சுகர் நல்லா குறைஞ்சிருக்கு" என்று பாராட்டுகிறோம். அவர் இழந்ததில் தசையும் சேர்ந்திருக்கும். அடுத்து விழும்போது இடுப்பெலும்பு முறியும். ஆவாரம்பூவும் வெந்தயமும் உணவாக இருக்கட்டும். அவற்றை நம்பி மாத்திரையை நிறுத்துவதும், சாப்பிடுவதை மருத்துவரிடம் மறைப்பதும்தான் தீங்கு.

மனச்சுமைக்கு வருகிறேன். சர்க்கரையோடு வாழ்வதே தரும் ஓயாத கவலையை மனச்சோர்விலிருந்து வேறுபட்ட ஒன்றாக அடையாளம் கண்டு, அமெரிக்க உளவியலாளர் வில்லியம் போலன்ஸ்கி குழு 1995இல் அதை அளக்க ஒரு கேள்விப் பட்டியல் உருவாக்கியது. சாப்பிடும்போது குற்ற உணர்ச்சி வருகிறதா, எதிர்காலத்தை நினைத்து பயமாக இருக்கிறதா, வீட்டில் யாருக்கும் இது புரியவில்லை என்று தோன்றுகிறதா என்பன போன்ற கேள்விகள். நம் பெரியவர்கள் இதை இந்தச் சொற்களில் சொல்ல மாட்டார்கள். "எல்லாருக்கும் பாரமா இருக்கேன்" என்பார்கள். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியாக வாழும் விதவைத் தாய் அந்த வாக்கியத்தைச் சொன்னால் அதையும் ஓர் அறிகுறியாக எடுத்துக்கொள்ள வேண்டும். தூக்கம் கலைவது, பிடித்த சீரியலில்கூட நாட்டம் போவது, மாத்திரையை வேண்டுமென்றே விடுவது தொடர்ந்தால் அது சிகிச்சை உள்ள மனச்சோர்வு.

"எத்தனை வருஷம் இருப்பேன்?" என்ற கேள்வியைப் பெரும்பாலும் யாரும் நேரடியாகத் தொடுவதில்லை. தொட வேண்டும், ஏனென்றால் பதில் அவர் பயப்படுவதைவிட நல்லது. உயர்வருமான நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2023இல் வெளிவந்த ஆய்வின் அமெரிக்கக் கணக்குப்படி, 30 வயதில் நீரிழிவு வந்தவர் வராதவரைவிடச் சராசரியாக 14 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார். 40இல் வந்தால் 10 ஆண்டு, 50இல் வந்தால் 6 ஆண்டு. நோய் தள்ளி வரவர இழப்பு சுருங்கிக்கொண்டே போகிறது. சிறுநீரகம் பழுதாகப் பல ஆண்டுகள் எடுக்கும் நோய் எழுபதில் தொடங்கினால், டயாலிசிஸ் வரை போகாமலே வாழ்ந்து முடிக்கும் வாய்ப்பு அதிகம். ஊசி பற்றிய பயமும் இப்படித்தான்: மாத்திரையில் கட்டுப்படுபவர்கள் பலர், தேவைப்பட்டாலும் தொற்று, ஆபரேஷன் போன்ற சமயங்களில் சில வாரம் போட்டுவிட்டு நிறுத்தியவர்கள் ஏராளம்.

இவற்றைச் சொல்ல யாருக்கு நேரம் இருக்கிறது என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி. 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை முதியவர் வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. பேருந்து ஏறி வரிசையில் நின்று திரும்பும் கஷ்டம் நீங்கியது பெரிய காரியம். அந்த மாத்திரைகளோடு வீட்டுக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலரிடம் "அம்மா, இந்த மாசம் எங்கேயாவது மயங்குனீங்களா? விழுந்தீங்களா? காலைக் காட்டுங்க" என்ற மூன்று கேள்விகளையும் கொடுத்து அனுப்பினால், மாத்திரையைக் குறைக்க வேண்டியவர் யார் என்பது மருத்துவருக்குத் தெரியவரும். இப்போது மாத்திரை கூடுவதற்கு மட்டுமே வழி இருக்கிறது. 69 வயதில் எழுதிய அளவு, பசி பாதியாகிச் சிறுநீரகம் மெலிந்த 79 வயதிலும் மாறாமல் தொடர்கிறது. வருடத்துக்கு ஒரு முறையாவது எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் மேசைமேல் கொட்டி, "டாக்டர், இதுல எதை நிறுத்தலாம்?" என்று பெரியவரோ அவரோடு போகிறவரோ கேட்க வேண்டும். கூடவே, "எங்க அம்மாவுக்கு எவ்வளவு இருந்தா போதும்?" என்று கேட்டு அந்த எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வாங்க வேண்டும்.